வலிக்கல கோச்

வாசுகி ஆட்டத்தில் பந்து வீசி நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அப்போது பதினேழு வயது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் ஒரே இடைநிலைப்பள்ளி, ஒரே வகுப்பு. அன்று மாநிலப் பெண்கள் சாஃப்ட்பால் இறுதியாட்டம்.

சாஃப்ட்பால் என்பது கிட்டத்தட்ட பேஸ்பால்தான். பந்து கொஞ்சம் பெரிது. கையைப் பின்னாலிருந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து வீச வேண்டும். மட்டை பிடித்திருப்பவளுக்கு எட்டாத இடத்தில் நான்கு பந்து போய்விட்டால் அவள் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஒருத்தி வர வர முன்னால் நிற்பவர்கள் அடுத்தடுத்த பேஸுக்கு நகர்வார்கள், நான்காவதைத் தொட்டால் ஒரு ஓட்டம். அந்த ஆட்டத்தில் எங்கள் பள்ளி ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. கடைசிச் சுற்று. இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. வாசுகி வரிசையாக ஐந்து பேரை நடக்கவிட்டாள். யாரும் ஒரு பந்தைக்கூட அடிக்காமலே நாங்கள் தோற்றோம்.

பந்து வீசும் வட்டத்துக்குள் நின்றபடியே அவள் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. யாரும் போய் அவளை அழைத்து வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நானும் போகவில்லை.

அதன் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. அவள் அப்பா தங்கராஜு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மேலே படிக்க வைக்க அவருக்கு வசதியில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பச்சை நிற மின்சுற்றுப் பலகைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். மற்றவர்கள் சரி என்று அனுப்பிய பலகையில்கூட அவள் விரிசலைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பார்கள். இடையில் கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. அதைப்பற்றி அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் மறுபடி திறந்தபோது எங்கள் பழைய பள்ளியில் சாஃப்ட்பால் குழு என்று ஒன்று இல்லை. மட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. விளையாட்டுப் பொறுப்பாசிரியை டீச்சர் நோராய்னி பழைய மாணவிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். பதில் போட்டவள் வாசுகி ஒருத்திதான். நான் அப்போது பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் யோகேஸ்வரி பதின்மூன்று வயதில் முதல் படிவத்தில் இருந்தாள், அவளும் பெயர் கொடுத்தாள். ஆகவே வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளைத் திடலிலிருந்து வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலையாகிவிட்டது. போகப்போக ஓட்டக் கணக்கு எழுதவும் என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் நாளே வாசுகி என்னிடம் சொன்னாள். "எனக்கு அன்னைக்குக் கை நல்லாத்தான் இருந்துச்சு மலர். மனசுதான் விட்டுருச்சு. கைக்குப் பயிற்சி குடுக்க ஆளு இருந்தாங்க. மனசுக்கு யாரும் குடுக்கல. இந்தப் பிள்ளைங்களுக்கு நான் அதைத்தான் குடுக்கப் போறேன்."

அவள் கொடுத்த விதம் இப்படி. ஒருத்தி பந்து வீசும்போது மற்ற எல்லாரும் வேலியருகில் நின்று பால் டின்னைத் தட்டிக் கத்த வேண்டும். வீசுகிறவள் திரும்பிப் பார்த்தால் திடலை இரண்டு சுற்று ஓட வேண்டும். தப்பாக ஒரு பந்து போய்விட்டால் மூன்று முறை மூச்சை இழுத்து விட்டு, 'அடுத்த பந்து' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனதைப் பற்றிப் பேசவே கூடாது. 'முடியாது' என்ற சொல்லுக்கு ஐந்து சுற்று. இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

இன்னொன்றும் இருந்தது. பயிற்சி முடியப் போகும் நேரம், எல்லாருக்கும் நாக்குத் தள்ளும் நேரம், வாசுகி ஒருத்தியிடம் மெதுவாகப் போவாள். தாய் கேட்பதைப் போன்ற குரலில், "களைச்சுட்டியாம்மா? எங்கயாவது வலிக்குதா? வேணும்னா கொஞ்ச நேரம் உக்காரேன்" என்பாள். உட்கார்ந்தவள் தோற்றாள். அவளால் குழு முழுவதும் இன்னொரு முறை ஓடும். முதல் மாதம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாதம் யாரும் உட்காரவில்லை. "இல்ல கோச், ஓகே கோச்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

"உடம்பு முதல்ல பொய் சொல்லும். அதை நம்பாதீங்க," என்பாள் வாசுகி.

அந்தக் குழுவில் ஷர்மினி என்று ஒரு பெண். இரண்டாம் படிவம். அப்பா கனகராஜ் யோங் பெங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா தனலெட்சுமிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட ஷர்மினி பதில் சொல்ல மாட்டாளாம், பக்கத்துப் பிள்ளை கையைத் தூக்கிக் காட்டுமாம். என் வேனில் அவள் உட்காரும் இடம் எப்போதும் கடைசி வரிசையின் மூலை. வீடு வந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு முறை தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்திருக்கிறாள்.

ஆனால் அவள் கை வேறு மாதிரி. முதல் வாரத்தில் வாசுகி அவளை வீசச் சொன்னபோது பந்து கேட்சரின் தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. வேலி ஆடி நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. வாசுகி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்தில் ஷர்மினி மாறிப்போனாள். இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மை. நிமிர்ந்து நடந்தாள். வேனில் முன் இருக்கைக்கு வந்தாள். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் ஒரே சொல்லில் அடக்கினாள். தனலெட்சுமி ஒரு முறை வேன் வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி கடைக்குப் போனா ஒரு சாமான் கேக்காதுங்க. சும்மா திரும்பி வந்துரும். இப்ப எனக்காகக் கடைக்காரன்கிட்ட பேசுது. நீங்க நல்லா இருக்கணும்," என்றார்.

வாசுகி தலையை ஆட்டினாள்.

2024-இல் ஷர்மினி நான்காம் படிவம். மாவட்டப் போட்டியை எங்கள் பள்ளி சுலபமாக வென்றது. அடுத்தது மாநிலப் போட்டி, ஜொகூர் பாருவில். ஜொகூர் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றும், ஷர்மினியின் பெயர் ஏற்கெனவே அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்றும் டீச்சர் நோராய்னி சொன்னார். வாசுகி தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் பயிற்சி வைத்தாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டேன், ஷர்மினி மட்டும் மிச்சம். வேன் முழுக்கத் தைல வாசனை. அவள் வீடு வந்ததும் இடது கையால் கதவை இழுத்தாள். அது அவளுக்கு எட்டாத பக்கம். உடம்பையே திருப்பிக்கொண்டு இழுத்தாள்.

"கைக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல ஆண்டி. தூங்கினது சரியில்ல."

இரண்டு நாள் கழித்துப் பையை மாட்டும்போது அவள் கண்ணை இறுக மூடியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"தைப்பூசத்துக்கு முன்னாடியிலேருந்தே. கோச்சுக்கிட்ட சொல்லிடாதீங்க ஆண்டி. ப்ளீஸ். ஆளெடுக்க வர்றாங்க."

நான் யோசித்தேன். யோசித்ததில் பொய் இல்லை. ஆனால் எதை யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இல்லாவிட்டால் குழு இல்லை. என் மகளும் அந்தக் குழுவில் இருந்தாள். அவளுக்கும் ஒரு மாநிலப் பதக்கம் என்று நான் மனதில் ஆசைப்பட்டிருந்தேன்.

"சரி. போட்டி முடிஞ்ச அடுத்த நாளே கிளினிக் போயிரணும். நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அவள் நன்றி சொன்னாள்.

அரையிறுதி சனிக்கிழமை. ஷர்மினி ஏழு சுற்றும் வீசினாள், ஜெயித்தோம். ஞாயிறு காலை இறுதியாட்டம். மூன்றாவது சுற்றில் அவள் பந்தின் வேகம் குறைந்தது. கணக்கு எழுதும் எனக்கே தெரிந்தது என்றால் வாசுகிக்குத் தெரியாமல் இருக்குமா. நடுவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வட்டத்துக்குப் போனாள். பேசியது எனக்குக் கேட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல கோச்."

"கையா? வலிக்குதா? உண்மையச் சொல்லு."

"வலிக்கல கோச்."

வாசுகி அவள் முகத்தையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டும் வரைக்கும் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. வாசுகி தன் கையாலேயே துடைத்து வைத்த முகம் அது.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். "பாத்தியா மலர். கல்லு மாதிரி நிக்குது," என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. நான் கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். கடைசிப் பந்தை மட்டைக்காரி அடிக்கவே இல்லை. அது கேட்சர் கையில் விழுந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வட்டத்தை நோக்கி ஓடினார்கள். ஷர்மினி வலது முழங்கையை இடது உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். யாரோ அவளைத் தூக்க வந்தபோது, "தொடாதீங்க" என்றாள். அமைதியாகத்தான் சொன்னாள். பிறகு பெஞ்சுக்குப் பின்னால் நடந்து போய் வாந்தி எடுத்தாள். பரிசு வாங்கும்போது இடது கையை நீட்டினாள். ஒரு பெரியவர், வலது கையால் வாங்கம்மா என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். அவளால் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை.

தோள்மூட்டின் உள்ளே கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். புதுக் கிழிசல் இல்லை, பல மாதமாக இருந்ததை இழுத்து இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறீர்கள் என்றார். முதலிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் ஆறியிருக்கும். இந்த வலியோடு எப்படி வீசினாள் என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார். அதைப் பாராட்டு என்று நினைத்து கனகராஜ் லேசாகச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு நான்கு மாதம் காத்திருந்தார்கள். செய்த பிறகும் கை தோளுக்கு மேலே எழவில்லை. விரல்கள் அடிக்கடி மரத்துப்போயின. ஜொகூர் குழுவின் பட்டியலில் அவள் இடத்தில் வேறு பெயர் வந்தது.

வார்டில் வாசுகி அவளிடம் கேட்டபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"நான் வட்டத்துக்கே வந்து கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

ஷர்மினி குழப்பத்தோடு பார்த்தாள். கேள்வியே புரியாதவளைப் போல.

"சொல்லணும்னுதான் இருந்துச்சு கோச். ஆனா நீங்க வழக்கமா கேக்குற மாதிரியே கேட்டீங்க. அதுவும் டெஸ்ட்டுன்னு நினைச்சேன்."

வாசுகி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஷர்மினி அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். "நான் பாஸ்தானே கோச்?" என்றாள்.

அதன் பிறகு வாசுகி வாரா வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனாள். உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போவாள், கூட்டி வருவாள். கனகராஜ் அவளிடம் கோபப்படவில்லை. தனலெட்சுமியும் திட்டவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார்.

"போன மாசம் கடைவாய்ப் பல்லு சீழ் வச்சு கன்னமே வீங்கிப்போச்சு. எத்தனை நாளாடின்னா, பத்து நாளாங்குது. ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கு. பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியல." பிறகு வாசுகியைப் பார்த்து, "நீங்க சொன்னா கேக்கும். வீட்டுலயாச்சும் வலிச்சா சொல்லச் சொல்லுங்க," என்றார்.

வாசுகி சொன்னாள். ஷர்மினி, "சரி கோச்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடப் பயிற்சி தொடங்கியது. முதல் நாளே வாசுகி எல்லாரையும் உட்கார வைத்தாள். டின் தட்டுவது இல்லை, 'முடியாது' என்றால் ஓட்டம் இல்லை என்றாள். இனிமேல் எங்கே வலித்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும், சொல்கிறவள்தான் தைரியசாலி என்றாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். பயிற்சி முடியும் நேரம் ஒவ்வொருத்தியிடமும் போனாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கோச்."

பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் கண்ணைப் பார்த்து அதையே சொன்னார்கள். ஒருத்தியின் கணுக்கால் வீங்கியிருந்ததை நானே பார்த்தேன். வாசுகி புல்லில் மண்டியிட்டு அந்தக் காலைத் தொட்டு, "இது டெஸ்ட் இல்லம்மா. சத்தியமா இல்ல," என்றாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கோச் இந்த வருஷம் டெஸ்ட்டைக் கஷ்டமாக்கிவிட்டார் என்று வேனில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மூன்று வாரம் இப்படியே முயன்று பார்த்துவிட்டு அவள் விலகினாள். டீச்சர் நோராய்னி வருத்தப்பட்டார். ஆனால் கோப்பை வாங்கிய குழு, அதைக் கலைக்க முடியாது. பயிற்சி கொடுக்க ஓர் இளைஞரைக் கொண்டு வந்தார். வாசுகி பயிற்சி முறைகளை எழுதி வைத்திருந்த நோட்டின் நகல் பள்ளியில் இருந்தது. அதைக் கிழித்துவிடுங்கள் என்று வாசுகி நேரிலேயே போய்க் கேட்டாள். டீச்சர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இதுல தப்பு ஒண்ணும் இல்ல வாசுகி. நடந்தது ஒரு விபத்து. இதனாலதான் நாம ஜெயிச்சோம்."

அன்று அவளை வேனில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் நிறுத்தி, ஷர்மினியின் கைவலி போட்டிக்கு மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன். தைலத்தை, இடது கையை, அவள் கெஞ்சியதை, நான் சரி என்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். வாசுகி என்னை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். "நீ சொல்லியிருந்தா நான் அவகிட்ட போய்க் கேட்டிருப்பேன்," என்றாள். "அவ வலிக்கலன்னு சொல்லியிருப்பா. நான் அவளைத்தான் நம்பியிருப்பேன், உன்னை இல்ல. வண்டிய எடு மலர்."

கடந்த வருடக் கடைசியில் ஷர்மினிக்கு எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. கை மரத்துப்போவதால் கூடுதல் நேரம் கேட்கலாம் என்று வாசுகி விசாரித்து, விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பூர்த்தி செய்து கொண்டு போய்க் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் போட வேண்டும். ஷர்மினி போடவில்லை. எல்லாருக்கும் எவ்வளவு நேரமோ தனக்கும் அவ்வளவே போதும் என்றுவிட்டாள். வாசுகி எவ்வளவோ கெஞ்சியும் அவள் அசையவில்லை. வரலாற்றுத் தேர்வன்று நான்தான் அவளை ஏற்றி வந்தேன். கட்டுரைக் கேள்விகளில் இரண்டைத் தொடவே இல்லையாம்.

"கை முடியலையா?"

"கை ஓகே ஆண்டி. எனக்குத்தான் பதில் தெரியல."

அவள் வரலாற்றில் கெட்டிக்காரி. முடிவுகள் வந்தபோது வரலாறு தேறவில்லை. அதில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மறுதேர்வு எழுதச் சொன்னார்கள். பார்க்கலாம் என்றாள். இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மேல்தட்டிலிருந்து துணி எடுக்க வேண்டும் என்றால் நாற்காலி போட்டு ஏறி, இடது கையால் எடுக்கிறாள்.

வாசுகி குளுவாங்கை விட்டுப் போய்விட்டாள். ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே ஒரு தொழிற்சாலையில் அதே பழுது பார்க்கும் வேலை செய்கிறாள். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தாள். சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். ஷர்மினியின் முடிவுகளைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மறுதேர்வுக்கான புத்தகங்களை வாங்கி அனுப்பியிருக்கிறாள். கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அது இருந்தது.

"யோகி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

என் மகள் யோகேஸ்வரி இப்போது ஐந்தாம் படிவம். குழுவின் தலைவி. இரண்டு மாதமாக வலது முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குகிறாள். கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள். மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவரிடமும் ஒன்றும் இல்லை என்றாள்.

"நல்லா இருக்கு," என்றேன்.

வாசுகி நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. மேலே ஒன்றும் கேட்கவில்லை. மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து சீருடைக்கு இஸ்திரி போட்டாள். கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் ஒன்றாகவே இறங்கினோம். அவள் பஸ்ஸில் ஏறினாள், நான் வேனை எடுத்தேன். சிம்பாங் ரெங்கம் தாண்டும்போது மழை பிடித்தது. குளுவாங் வந்து சேரும் வரை விடவில்லை.